குழந்தை குட்டிகளோடு குவாதலூப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் பாரிஸ் புறநகரில் இருக்கும் பாண்டிச்சேரிக் குடும்பம். பெரியவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது முதன்முதலாகக் குவாதலூப் போனோம். அதன் பிறகு சின்னவனையும் கூட்டிக்கொண்டு இரண்டு முறை, என் மாமியாரோடு ஒரு முறை. போய் வந்த நாளிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்பி அலுத்துப்போய் இங்கே மொத்தமாக எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

குவாதலூப் தனி நாடா அக்கா? மேப்புல எங்கே தேடறது?

தனி நாடு இல்லை, பிரான்ஸின் ஒரு மாவட்டம். கரீபியக் கடலின் கிழக்கு ஓரத்தில் வளைவாக வரிசை கட்டி நிற்கும் சின்னத் தீவுகளில் ஒன்று. பணம் யூரோ, மொழி பிரெஞ்சும், உள்ளூர்க் கலப்பு மொழியான கிரெயோலும். பிரான்ஸில் செருகுகிற பிளக் அங்கேயும் செருகும். பிரெஞ்சு சிம் கார்டும் வேலை செய்யும். பாரிஸிலிருந்து விமானத்தில் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.

மேப்பில் பார்த்தால் பட்டாம்பூச்சி சிறகை விரித்த மாதிரி இருக்கும். வலது சிறகு கிராந்த்-தேர்: சுண்ணாம்புக்கல் நிலம், தட்டை, வெள்ளை மணல். இடது சிறகு பாஸ்-தேர்: எரிமலை, காடு, அருவி, கறுப்பும் பழுப்புமாக மணல். நடுவில் ஒரு மெல்லிய உப்புநீர்க் கால்வாய். பாஸ் என்றால் தாழ்ந்தது என்று பொருள். ஆனால் 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை இருப்பது அந்தப் பக்கம்தான்! காற்று அடங்கிய பக்கத்தை மாலுமிகள் 'தாழ்ந்தது' என்று சொல்வார்களாம். பெயர் அப்படி வந்தது. இந்தக் காற்று விஷயத்தை நினைவில் வையுங்கள். கீழே பல பதில்கள் இதில்தான் வந்து நிற்கும்.

எங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட். ஷெங்கன் விசா இருந்தால் போதும்தானே?

போதாது. மண் பிரான்ஸுடையது என்றாலும் தீவு ஷெங்கன் வட்டத்துக்குள் வராது. விசா கேட்கும்போதே கடல்கடந்த பிரெஞ்சு மாவட்டத்துக்குப் போகிறோம் என்று சொல்லி, அதற்குச் செல்லும்படி வாங்க வேண்டும். பாரிஸ் வழியாகப் போகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். பிரான்ஸில் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எதற்கும் டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரகத்தின் பக்கத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள், விதி மாறினால் முதலில் அங்கேதான் தெரியும்.

எந்த மாசம் போகலாம்? பிள்ளைங்களுக்கு ஜூலை, ஆகஸ்ட்ல தானே லீவு.

வெயில் காலம் ஏறக்குறைய டிசம்பரிலிருந்து மே வரை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், அதில் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் உச்சம். 1989 செப்டம்பரில் வந்த ஹியூகோ புயலைப் பற்றி அங்கே வயதானவர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். நம்மூரில் 'தானே' புயலைச் சொல்கிற மாதிரி.

பள்ளி விடுமுறைதான் கணக்கு என்றால் பிப்ரவரி விடுமுறையையோ ஏப்ரல் விடுமுறையையோ பாருங்கள். ஜூலையிலும் போகலாம், நாங்கள் போயிருக்கிறோம்: புழுக்கம், திடீர் மழை, அரை மணியில் மறுபடி வெயில். கடல்நீர் எப்போதும் வெதுவெதுப்புதான். ஈஸ்டர் வாரத்தில் உள்ளூர்க் குடும்பங்கள் கடற்கரையிலேயே கூடாரம் போட்டு, நண்டுச் சோறு ஆக்கி, நாள் கணக்கில் தங்குவார்கள். கூட்டமாகத்தான் இருக்கும், ஆனால் பார்க்க வேண்டிய கூட்டம்.

ரெண்டு வயசுக் குழந்தை. முதல் நாள் எந்தக் கடற்கரைக்குப் போறது?

கிராந்த்-தேரின் தெற்குக் கரையில் இருக்கும் சேன்த்-ஆன். ஊர் நடுவிலேயே கடற்கரை. சற்றுத் தள்ளிக் கடலுக்குள் பவளப்பாறை வரிசை இருப்பதால் அலை அங்கேயே உடைந்துவிடும், கரைக்கு வருவது குளத்து நீர் மாதிரி. பக்கத்திலேயே சந்தை, சாப்பாட்டுக் கடை, மர நிழல் எல்லாம் உண்டு. குழந்தைக்குத் தூக்கம் வந்தால் பத்து நிமிடத்தில் வண்டிக்குத் திரும்பிவிடலாம். இரண்டு வயதுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டாவது, அதே ஊரிலிருந்து கிழக்கே போனால் புவா-ஜோலான். தென்னை மரங்கள், நீளமான கரை, கடைகள் குறைவு. வெகுதூரம் உள்ளே நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவு ஆழம்தான். எங்கள் பெரியவள் அங்கே தண்ணீரில் உட்கார்ந்து, மடியில் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவேயில்லை. அடியில் கடற்புல்லும் அங்கங்கே கல்லும் இருக்கும், ரப்பர் செருப்பு போட்டுவிடுங்கள். முள்ளெலி மாதிரி கறுப்பாக இருக்கும் கடல் முள்ளியை மிதித்தால் அன்றைய நாள் முடிந்தது.

காரவேல் என்று ஒன்று, படத்தில் எல்லாரும் காட்டுவது. அழகுதான். ஒரு பெரிய விடுதி அதை ஒட்டி இருப்பதால் தனியார் கடற்கரை என்று நினைத்துத் திரும்பி வந்தவர்கள் உண்டு. கரை பொதுச் சொத்து, யாரும் போகலாம்.

எங்கே தங்கினால் வசதி?

முதல் முறை என்றால் கோஸியேக்கும் சேன்-பிரான்சுவாவுக்கும் நடுவே தெற்குக் கரையில் தங்குங்கள். பத்து நாள் இருந்தால் கடைசி மூன்று நாளை இடது சிறகில் தேயே பக்கம் வைத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் தங்கிக்கொண்டு தீவு முழுவதும் ஓடினால் குழந்தைகள் காரிலேயே வளர்ந்துவிடும். சேன்த்-ஆனிலிருந்து தேயே போக ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்.

வீடு எடுக்கும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? தீவின் குழாய்கள் பழையவை. முறை வைத்துத் தண்ணீரை நிறுத்துவது அங்கே சாதாரணம். நாங்கள் எடுத்த ஒரு வீட்டில் இதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. மூன்று பேர் உடம்பெல்லாம் மணலோடு குளியலறை வாசலில் நிற்கிறோம், குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. சென்னையில் வளர்ந்த என் கணவருக்கு மட்டும் பழகிய விஷயம். மறுநாள் காலையிலேயே நான்கு பெரிய பாட்டில்களை நிரப்பி வரிசையாக வைத்துவிட்டார்.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

குழந்தைகளோடு முடியாது என்றுதான் சொல்வேன். பஸ் உண்டு, ஆனால் மாலையானால் அரிதாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். வலது பக்க ஓட்டம். இந்திய லைசென்ஸ் என்றால் சர்வதேச அனுமதியும் எடுத்துப் போங்கள். குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். காலை ஏழு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் பாயின்ட்-ஆ-பித்ர் நகரைச் சுற்றி நெரிசல் பிடுங்கும். கடற்கரையில் நிறுத்தும்போது காருக்குள் பை எதையும் விடாதீர்கள்.

கடல்ல பாசி ஒதுங்கி நாறுதாமே, உண்மையா?

உண்மை. சர்காசம் என்னும் பழுப்புநிறக் கடற்பாசி. 2011-லிருந்துதான் இப்படி மலைமலையாக அட்லாண்டிக்கிலிருந்து மிதந்து வருகிறது. கரையில் கிடந்து அழுகினால் முட்டை அழுகிய நாற்றம். அதிலிருந்து வரும் வாயு கண்ணையும் மூச்சையும் உறுத்தும். ஆஸ்துமா உள்ள குழந்தை, கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போக வேண்டாம். பொதுவாக மார்ச், ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அதிகம். ஆனால் இன்று குவிந்து கிடக்கும் கரை அடுத்த வாரம் சுத்தமாக இருக்கும், நாளுக்கு நாள் மாறும்.

தப்பிக்க வழி காற்றுக் கணக்குதான். காற்று வருடம் முழுக்கக் கிழக்கிலிருந்து வீசுகிறது, பாசியையும் அதுதான் தள்ளிக்கொண்டு வருகிறது. அதனால் கிழக்கும் தென்கிழக்கும் பார்த்த கரைகளில் அடி. தெற்குக் கரையிலும் சில நாள் மாட்டிக்கொள்ளும், புவா-ஜோலானும் தப்பாது. மேற்கு பார்த்த கரைகள் பெரும்பாலும் தப்பிவிடும்: இடது சிறகில் தேயேயின் கிராந்த் அன்ஸ், மலான்தூர், வலது சிறகில் வடமேற்கே போர்-லுயியின் சூஃப்ளேர். பாசி நாளில் எங்கள் குடும்பம் ஓடுவது போர்-லுயிக்கு. வெள்ளை மணல், தெளிந்த நீர், சாயங்காலம் கடலில் சூரியன் இறங்குவதையும் பார்க்கலாம்.

நீங்க சொன்னீங்கன்னு ஜனவரியில மேற்குப் பக்கம் தேயே போனோம். அலை பிள்ளையை உருட்டிவிட்டுடுச்சு அக்கா!

இந்தத் திட்டு எனக்கு வேண்டியதுதான், பாதியைத்தான் சொல்லியிருந்தேன். கிழக்குக் காற்றின் அலை மேற்கே வராது. ஆனால் குளிர்காலத்தில், நவம்பரிலிருந்து மார்ச் வரை, வடக்கு அட்லாண்டிக்கில் எங்கோ அடிக்கும் புயலின் அலை நீண்டு உருண்டு வடக்கு, மேற்குக் கரைகளுக்கு வரும். வானம் நீலமாக இருக்கும், காற்று இருக்காது, அலை மட்டும் ஆள் உயரம். கிராந்த் அன்ஸ் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அருமையான பொன்னிற மணற்கரை. ஆனால் கரை சட்டென்று சரிவதால் இரண்டே எட்டில் ஆழம். உருட்டிவிட்டது அந்தச் சரிவுதான். சூஃப்ளேரும் அப்படிப்பட்ட நாளில் ஆகாது.

ஆக, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து அலை என்று வானிலையில் சொன்னால் தெற்குக் கரைக்குப் போங்கள், பாசி வந்தால் மேற்குக் கரைக்கு. இரண்டும் ஒரே நாளில் வருவது அபூர்வம். பாதுகாவலர் நிற்கும் கடற்கரைகள் கொஞ்சம்தான். சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதும் வேண்டாம். தேயேக்கு வடக்கே கிளுனி என்று ஒரு கரை இருக்கிறது, பார்க்கச் சொர்க்கம், உள்ளிழுப்பு பொல்லாதது. அங்கே மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மரத்துல சிவப்புப் பெயின்ட் அடிச்சிருக்கே, வெட்டப் போறாங்களா?

இல்லை, கிட்டே போகாதே என்பதற்கான அடையாளம். மான்சனில்யே என்னும் மரம். இலை, பட்டை, காய் எல்லாவற்றிலும் பால். தோலில் பட்டால் தீப்பட்ட மாதிரி கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் இன்னும் ஆபத்து. காய் பார்க்கச் சின்னப் பச்சை ஆப்பிள் போலவே இருக்கும், வாசனையும் இனிப்பு. குழந்தை எடுத்துக் கடிக்கத் தோன்றும் காய், அதுதான் பயம். கடித்தால் வாயும் தொண்டையும் வெந்து வீங்கிவிடும்.

மழை வந்தால் அந்த மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. இலையிலிருந்து சொட்டும் நீரும் சுடும். எல்லா மரத்துக்கும் பெயின்ட் இருக்கும் என்று நம்ப வேண்டாம். எங்கள் வீட்டு விதி எளிது: கடற்கரையில் கீழே கிடக்கும் எந்தக் காயையும் தொடக்கூடாது. தேங்காய்க்கு மட்டும் விலக்கு. அதற்கும் மரத்தடியில் படுக்கக் கூடாது என்று தனி விதி உண்டு.

ஆமை பார்க்கணும்னு பையன் அடம். எங்க யாருக்கும் நீச்சல் தெரியாது.

மலான்தூருக்குப் போங்கள், இடது சிறகின் மேற்குக் கரை. எரிமலைக் கல் பொடிந்த மணல், கருஞ்சாம்பல் நிறம். பத்து மணிக்கு மேல் காலைச் சுடும். எதிரே பிழோன் என்னும் இரண்டு குட்டித் தீவுகள். அவற்றைச் சுற்றியுள்ள கடல் தேசியப் பூங்காவின் பாதுகாப்பில் இருக்கிறது, கடலாய்வாளர் கூஸ்தோ பெயரில் பிரபலம். அடியில் கண்ணாடி வைத்த படகு அங்கே கிளம்புகிறது. நீச்சல் தெரியாதவர்களும் உட்கார்ந்தபடியே மீனும் பவளமும் பார்க்கலாம்.

ஆமைக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கரையிலிருந்து சில பத்து மீட்டரில் கடற்புல் மேய வருகின்றன. சின்னவனுக்கு அப்போது ஆறு வயது. மிதவை கட்டி, கண்ணாடி மாட்டி, அவன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தான். கீழே ஒன்று, மாடு மாதிரி தலையை ஆட்டி ஆட்டிப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நிதானமாக மேலே வந்து ஒரு மூச்சு விட்டது. அந்த 'புஸ்' சத்தத்தை அவன் ஒரு வாரம் செய்துகொண்டே இருந்தான். தொடாதீர்கள், துரத்தாதீர்கள், மேலே வரும் வழியை மறிக்காதீர்கள். தொடுவது சட்டப்படி குற்றம்.

பக்கத்துத் தீவு ஒண்ணுதான் போக முடியும்னா எது?

குழந்தை மூன்று வயதுக்குக் கீழே என்றால் கோஸியே எதிரே இருக்கும் குட்டித் தீவு. ஊர்ப் படித்துறையிலிருந்து சின்னப் படகில் ஐந்து நிமிடம். ஒரு கலங்கரை விளக்கம், கொஞ்சம் மரம், மணல். அலுத்தால் அடுத்த படகில் திரும்பிவிடலாம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் லே சேன்த் தீவுக்கூட்டத்தில் தேர்-த-ஓ. தெற்கே துருவா-ரிவியேரிலிருந்து இருபது நிமிடக் கப்பல். நடுவில் உள்ள கடல் முரட்டுத்தனமானது, வாந்தி வருகிற பிள்ளைக்கு முன்பே மருந்து கொடுங்கள், பின்பக்கம் உட்கார வையுங்கள். இறங்கியதும் துறையிலேயே தேங்காய்ப் பூரணம் வைத்த வட்டப் பணியாரத்தைக் கூடையில் வைத்து விற்பார்கள், 'காதல் வேதனை' என்று அதற்குப் பெயர்! நெப்போலியன் கோட்டை காலையில் மட்டும் திறந்திருக்கும், அதை முதலில் முடித்துவிட்டுப் பொம்பியேர் கடற்கரைக்குப் போங்கள். லாடம் போல வளைந்த விரிகுடா, வாயில் பாறைத்திட்டு, அதனால் அலை இல்லை. ஆடும் கோழியும் உங்கள் பையை மோப்பம் பிடிக்க வரும், ஜாக்கிரதை. எங்கள் பிஸ்கட் முழுவதும் ஒரு ஆட்டுக்குப் போனது.

மாரி-கலாந்த் பெரிய தீவு, பாயின்ட்-ஆ-பித்ர் நகரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கப்பல். கரும்பு, மாட்டு வண்டி, காற்றாலை, ஆளில்லாத நீளக் கரைகள். ஒரு நாளில் அடித்துப்பிடித்துப் பார்ப்பதைவிட ஒரு இரவு தங்குங்கள்.

பெத்தீத்-தேர்ல இகுவானா இருக்காமே, நாலு வயசுக் குழந்தையைக் கூட்டிட்டுப் போகலாமா?

நான் கூட்டிப் போகமாட்டேன். இடம் அற்புதம்: ஆள் குடியில்லாத இரண்டு திட்டுகள், 1998-லிருந்து இயற்கைக் காப்பகம், அருகிவரும் சின்ன அன்டீலிஸ் இகுவானாக்கள் மரத்தடியில் உடும்பு மாதிரி படுத்துக் கிடக்கும். ஆழமில்லாத நீரில் எலுமிச்சைச் சுறாக் குட்டிகள் கரையோரமாகவே நீந்தும், ஒன்றும் செய்யாது.

ஆனால் சேன்-பிரான்சுவாவிலிருந்து கிழக்கே, காற்றுக்கு எதிரே படகு போகிறது. ஒரு மணி நேரம் தூக்கிப் போட்டு அடிக்கும். இறங்கத் துறை கிடையாது, தண்ணீரில் குதித்து நடந்துதான் கரை ஏற வேண்டும். கடை இல்லை, குடிநீர் இல்லை, நடுவில் திரும்பி வரவும் முடியாது. ஏழு, எட்டு வயதுக்கு மேல் என்றால் அவர்கள் மறக்க முடியாத நாள் அதுவாகத்தான் இருக்கும்.

அருவி, கோயில் ரெண்டையும் ஒரே நாள்ல முடிக்கலாமா?

முடிக்கலாம், இரண்டும் இடது சிறகின் கிழக்கே காப்பெஸ்தேர் ஊர்ப் பக்கம்தான். கார்பே அருவி மூன்று படி. இரண்டாவது 110 மீட்டர் உயரம், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து காட்டுக்குள் போட்ட பாதையில் இருபது, முப்பது நிமிடம் நடந்தால் பார்வை மேடை. காலை ஒன்பதுக்குள் போனால்தான் மேகம் மூடாமல் இருக்கும். 1493-இல் கொலம்பஸ் கப்பலிலிருந்து பார்த்தது இந்த அருவியைத்தான் என்பார்கள்.

இறங்கி வரும்போது நெடுஞ்சாலை ஓரத்தில் ஷாங்ஜி கோயில். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வண்ணச் சுதைச் சிற்பங்களோடு நிற்கும். மாரியம்மனை அங்கே 'மாலியேமேன்' என்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், பூசை நடந்தால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். மாரியம்மன் வழிபாட்டில் கிடா வெட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது, குழந்தைகள் பார்க்க வேண்டாம் என்றால் திருவிழா நாளைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தை இன்னும் சின்னது என்றால் கார்பேயை விட்டுவிட்டு, தீவை ஊடறுக்கும் காட்டுச் சாலையில் எக்ரவீஸ் அருவியைப் பாருங்கள். சாலையிலிருந்து சில நிமிட நடை, தள்ளுவண்டிகூடப் போகும்.

அங்கே இருக்கிற நம்ம ஆட்கள் தமிழ் பேசுவாங்களா?

பேச மாட்டார்கள், பேச்சு கிரெயோலும் பிரெஞ்சும்தான். 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியாவிலிருந்து முதல் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியது. 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பல் ஏறியவர்கள் நிறைய. மொழி தேய்ந்து வழிபாட்டுப் பாடலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர்ப் பலகைகளில் ராமசாமியும் வீரபத்திரனும் பிரெஞ்சு எழுத்தில் கொஞ்சம் உருமாறி நிற்பார்கள். காப்பெஸ்தேரைச் சேர்ந்த ஹென்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1904-இல் தொடங்கி 1923 வரை போராடினார்.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும். எங்கள் மாமியார் கோயில் வாசலில் பழம் விற்ற பாட்டியிடம் தமிழிலேயே பேச்சுக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் இரண்டு மாம்பழம் இலவசமாகக் கிடைத்தது.

மலைமேல வெந்நீர் ஊற்று இருக்காம். சின்னதுகளைக் குளிக்க வைக்கலாமா?

உடம்பு நனையலாம், தலையும் மூக்கும் நனையக் கூடாது. இயற்கை வெந்நீரில் வாழும் ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. 2008-இல் அப்படி ஒரு சிறுவன் இறந்திருக்கிறான். தலையை முக்காதீர்கள் என்பதுதான் சுகாதாரத் துறையின் எச்சரிக்கை. தண்ணீரில் இறங்கிய குழந்தை தலையை முக்காமல் இருக்குமா? அதனால் நாங்கள் காலை மட்டும் நனைத்துவிட்டு வந்துவிடுவோம்.

நாங்க சைவம். பட்டினியா கிடக்கணுமா?

பட்டினி இல்லை, ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். வடை மாதிரி இருக்கும் அக்ராவுக்குள் பெரும்பாலும் கருவாட்டு மீன். பொக்கிட் என்பது எண்ணெயில் பொரித்த ரொட்டியைப் பிளந்து உள்ளே ஏதாவது வைத்துத் தருவது. முட்டை, சீஸ், காய் மட்டும் என்று சொன்னால் செய்து கொடுப்பார்கள். நம்ம சௌசௌ அங்கே கிறிஸ்தோஃபின், சீஸ் போட்டுச் சுட்டுத் தருவார்கள். பூசணி, ஈரப்பலா, வாழைக்காய், சேனை மாதிரி கிழங்குகள் எல்லாம் சந்தையில் குவிந்து கிடக்கும். வாடகை வீட்டில் சமையலறை இருந்தால் கவலையே இல்லை.

சந்தையில் 'கொலம்போ' என்று மஞ்சள் பொடி விற்பார்கள்: மல்லி, மஞ்சள், கடுகு, வெந்தயம். சாட்சாத் நம்ம குழம்புப் பொடியின் தூரத்து உறவு. பெயர் கொழும்பிலிருந்து வந்ததா, குழம்பிலிருந்து வந்ததா என்று இன்றும் வாதாடுகிறார்கள். பிறகு, கடற்கரையில் மரத்தொட்டியைக் கையால் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்மணியைக் கண்டால் நின்றுவிடுங்கள். உள்ளே தகரக் குவளையில் தேங்காய்ப்பால், சுற்றிலும் ஐஸும் கல்லுப்பும். கரகரவென்று சுற்றச் சுற்ற இறுகிவரும், பட்டையும் எலுமிச்சைத் தோலும் மணக்கும். அந்தத் தேங்காய் ஐஸுக்காகவே திரும்பத் திரும்பப் போகிறோமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 1993 வரை வாழைத் தோட்டங்களில் அடித்த குளோர்தெகோன் என்னும் பூச்சிமருந்து இடது சிறகின் தெற்கு மண்ணிலும் ஆறுகளிலும் இன்னும் இருக்கிறது. சாலையோரத்தில் யாரோ பிடித்து விற்கும் நண்டு, ஆற்று இறால் வேண்டாம். முறையான கடையில் வாங்குங்கள்.

சுடிதாரோட தண்ணியில இறங்கினா யாராவது ஏதாவது சொல்வாங்களா?

கடற்கரையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். விடுதி நீச்சல் குளத்தில்தான் நீச்சலுடை கேட்பார்கள். துப்பட்டாவைக் கரையிலேயே விட்டுவிடுங்கள், நனைந்தால் காலைச் சுற்றும். குழந்தைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை வாங்கிவிடுங்கள். கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைத்துத்தான் முதல் முறை என் தோளே உரிந்தது.

ஜெட் லாக்ல பிள்ளைங்க விடியற்காலை மூணு மணிக்கே எழுந்துட்டா?

எழுந்துவிடுவார்கள், பாரிஸைவிட ஐந்து, கோடையில் ஆறு மணி நேரம் பின்னால். சண்டை போடாதீர்கள். இட்லிப் பொடியும் ரொட்டியும் கட்டிக்கொண்டு ஆறரைக்குக் கடற்கரையில் இருங்கள். வெயில் இல்லை, இடம் கிடைக்கும். இடுப்பளவு நீரில் தொப்பியோடு நின்றபடியே உள்ளூர்ப் பாட்டிகள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். பத்தரைக்குக் கிளம்பி வந்து தூங்கி, நான்குக்கு மறுபடி போகலாம். டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

நாள் பூரா மழைன்னா?

அபூர்வம். வலது சிறகில் வெயில் அடிக்க, இடது சிறகில் மலை முழுக்கக் கொட்டும், வண்டியைத் திருப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும். தீவு முழுவதும் மழை என்றால் கோஸியே பக்கம் மீன் காட்சியகம் இருக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, பாயின்ட்-ஆ-பித்ரில் பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-இல் திறந்த அடிமை வரலாற்று நினைவகம், மெமோரியல் ஆக்த். திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

பொண்ணு ஒரு பெரிய சங்கு பொறுக்கி வச்சிருக்கா. ஊருக்குக் கொண்டுவரலாமா?

அது லாம்பி எனப்படும் ராணிச் சங்கு, பன்னாட்டு ஒப்பந்தப்படி கட்டுப்பாடு உள்ளது. ஐரோப்பாவுக்குள் ஒரு ஆளுக்கு மூன்று சங்கு வரை விடுவார்கள். பவளத் துண்டு, ஆமை ஓடு எதுவும் கூடாது. இந்தியாவுக்குக் கொண்டு போவதாக இருந்தால் ஒன்றுகூட வேண்டாம், சுங்கத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும். உள்ளே உயிர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் கடலிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். காலி என்றால் ஒரு இரவு வெளியே வைத்து எறும்புகளிடம் ஒப்படையுங்கள். எங்கள் பெரியவள் அப்படி வைக்காமல் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். அந்தப் பெட்டியை இன்னும் பால்கனியில்தான் வைத்திருக்கிறோம்.